அம்மா இருமினாலே எழுந்துவிடுவேன், அன்று மட்டும் ஏன் எழவில்லை?

வாசகர் கடிதம், சுருக்கமாக:

தஞ்சை மாவட்டத்தின் ஒரு சிறிய ஊரிலிருந்து 47 வயதுப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டேன். அவருடைய அம்மா பக்கவாதம் வந்து இரண்டரை ஆண்டு படுக்கையில் இருந்தவர். படுக்கைப் புண் வந்துவிடக் கூடாது என்று ராத்திரியிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, துணி மாற்றுவது, தண்ணீர் கொடுப்பது எல்லாமே இவர்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுப்பார். தெருவில் லாரி போனால் தெரியாது, மின்விசிறி கடகடத்தால் தெரியாது, ஆனால் அம்மா லேசாக இருமினாலோ கட்டில் சட்டத்தைத் தட்டினாலோ அடுத்த நொடி எழுந்துவிடுவார். நான்கு மாதத்துக்கு முன்னால் ஒருநாள், அம்மாவுக்கு மூன்று மணி வரை தூக்கமில்லை, இரண்டு தடவை விரிப்பு மாற்ற வேண்டியிருந்தது. மூன்றரைக்கு இருவரும் கண்ணயர்ந்தார்கள். ஐந்தரைக்குப் பால்காரரின் மணி கேட்டு இவர் எழுந்து பார்த்தபோது அம்மா உயிரோடு இல்லை. சென்னையிலிருந்து வந்த அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "நீ பக்கத்துலதானே படுத்திருந்தே?"

அதிலிருந்து தினமும் இரண்டரை மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டது போலக் கேட்கிறது. சில ராத்திரி உடம்பெல்லாம் வியர்த்து நனைந்துவிடுகிறது. இரண்டு முறை, விழித்த பிறகும் கை கால் அசைக்க முடியாமல் நெஞ்சில் யாரோ உட்கார்ந்தது போல இருந்திருக்கிறது. 'அமுக்குவான், அம்மாவின் ஆத்மா சாந்தியாகவில்லை, ராமேஸ்வரம் போய்த் தில ஹோமம் செய்' என்கிறார் அத்தை. தூக்கத்துக்காக அண்ணி கொடுத்த அல்பிரசோலம் 0.5 மி.கி. மாத்திரையை இரண்டு மாதமாகப் போட்டுவருகிறார், தீர்ந்தால் மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. மகன் வாங்கித் தந்த கைக்கடிகாரம் ஆழ்ந்த தூக்கம் 40 நிமிடம்தான் என்று காட்டுகிறது. "தூங்கும்போது ஓய வேண்டிய மூளை எனக்கு ஓய்வதே இல்லை, மூளை கெட்டுப்போய்விட்டதா? மாத்திரையைத் தொடரலாமா?" என்று கேட்டுவிட்டு, கடைசி வரியில், "ரெண்டரை வருஷம் ஒரு இருமலுக்கு எழுந்த எனக்கு அன்னைக்கு மட்டும் எப்படிக் காது அடைச்சுப்போச்சு, டாக்டர்?" என்று எழுதியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

மாத்திரை பற்றியும் கைக்கடிகாரம் பற்றியும் நிறைய எழுதிவிட்டு அந்தக் கடைசி வரியைப் போகிறபோக்கில் சேர்த்தது போலச் சேர்த்திருக்கிறீர்கள், ஆனால் கடிதம் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான் என்று எனக்குப் படுகிறது. அதனால் அதற்குத்தான் முதலில் பதில் சொல்லப் போகிறேன். தூங்கும்போது நம் மூளையும் உடம்பும் உண்மையில் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்று தெரிந்தால்தான் அந்தப் பதில் உங்களுக்கு வெறும் ஆறுதல் வார்த்தையாகத் தோன்றாது, எனவே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

தூங்கும்போதும் காது திறந்துதான் இருக்கிறது

தூங்கினால் மூளை ஓய்ந்துவிட வேண்டும் என்று நினைக்கிறீர்கள். அப்படி யாருக்குமே ஓய்வதில்லை. கண்ணுக்கு இமை இருக்கிறது, காதுக்கு மூடி கிடையாது. ராத்திரி முழுக்கச் சத்தம் உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கிறது, காதிலிருந்து மூளைத்தண்டுக்கும், அங்கிருந்து தலாமஸ் என்கிற பகுதிக்கும், அதையும் தாண்டி மூளையின் வெளி அடுக்கான புறணிக்கும் போகிறது. விழித்திருக்கும்போது போவதைவிட மட்டுப்பட்டுப் போகிறது, அவ்வளவுதான். நம் இரவில் ஏறத்தாழ பாதியை எடுத்துக்கொள்வது நடுத்தர ஆழத் தூக்கம். அந்த நேரத்தில் தலாமஸும் புறணியும் சேர்ந்து ஒரு விநாடி நீளத்துக்குச் சின்னச் சின்ன அலைக்கொத்துகளை எழுப்பும், 'ஸ்பிண்டில்' என்போம். அவை நிறைய வருகிறவர்களுக்குச் சத்தத்தில் தூக்கம் எளிதில் கலையாது. அதே தூக்கத்தில் ஒரு சத்தம் கேட்டால் ஈ.ஈ.ஜி. என்ற மூளை அலைப் பதிவில் திடீரென்று ஒரு பெரிய அலை எழும், அதற்குக் கே-காம்ப்ளெக்ஸ் என்று பெயர். வந்த சத்தத்தைப் பதிவு செய்துகொண்டு, அதற்காக எழ வேண்டுமா இப்படியே தூங்கலாமா என்று மூளை முடிவெடுக்கும் தருணத்தின் தடம் என்று அதைச் சொல்லலாம்.

எந்தச் சத்தத்துக்கு எழுவது என்பது வெறும் ஒலி அளவைப் பொறுத்தது இல்லை. 1960-ல் இங்கிலாந்தில் இயன் ஆஸ்வால்டும் அவருடன் ஆய்வு செய்தவர்களும், தூங்குகிறவர்கள் பக்கத்தில் பல பெயர்களை ஒலிநாடாவில் ஓடவிட்டார்கள். மற்றவர்கள் பெயர் வந்தபோது எழுந்ததைவிடத் தங்கள் சொந்தப் பெயர் வந்தபோது அந்த அலை அதிகமாக எழுந்தது, தூக்கத்திலேயே கையை மடக்கிக் காட்டியவர்களும் உண்டு. பிறகு 2000-ல் மூளையைப் படம்பிடித்துப் பார்த்த ஓர் ஆய்வில், தூங்குகிறவரின் பெயரைச் சொன்னால் உணர்ச்சியோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற பகுதி வேலை செய்வது தெரிந்தது, வெறும் 'பீப்' ஒலிக்கு அப்படி இல்லை. அதாவது சத்தத்தின் பொருளையே மூளை எடை போடுகிறது. வீட்டு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுத் திண்ணை விளக்கை மட்டும் விட்டுவைப்பது போல.

லாரிக்கு எழாமல் அம்மாவின் இருமலுக்கு எழுந்தீர்களே, அது இதுதான். கைக்குழந்தை பக்கத்தில் படுத்திருக்கும் தாய்க்கும், ராத்திரிப் பணியில் கண்ணயரும் செவிலியருக்கும் இது வரும், யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, ஆனால் பல நாள் பழக வேண்டும். உங்கள் மூளை கெட்டுப்போகவில்லை. இரண்டரை ஆண்டில் ஒரு வேலையை மிக நன்றாகப் பழகிக்கொண்டது, அந்த வேலை முடிந்துவிட்டது என்பது அதற்கு இன்னும் எட்டவில்லை.

அந்த ராத்திரி

இப்போது அந்த இரவுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் இருக்கும் நேரங்களை மட்டும் வைத்துப் பார்ப்போம்.

மூன்றரைக்குத்தான் தூங்கினீர்கள். தூக்கத்தில் மிக ஆழமான பகுதி, படுத்த சிறிது நேரத்திலேயே வந்துவிடும், முதல் ஒன்றரை மணி நேரச் சுற்றில்தான் அது அதிகம். அதில் இருப்பவரைப் பெயர் சொல்லி எழுப்பினாலே சில சமயம் எழ மாட்டார். இது ஒரு ராத்திரியின் களைப்பும் இல்லை, இரண்டரை ஆண்டாகத் துண்டு துண்டாகத் தூங்கிய கடன். அப்படித் தூக்கம் பாக்கி இருக்கும் உடம்பு, கிடைக்கிற முதல் மணி நேரத்தில் இன்னும் ஆழமாக இறங்கும், எழுப்புவதற்குத் தேவையான சத்தத்தின் அளவும் கூடிக்கொண்டே போகும். மனவுறுதியாலோ பாசத்தாலோ இதை மாற்ற முடியாது. உங்கள் இடத்தில் நான் படுத்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும், உங்கள் அண்ணன் படுத்திருந்தாலும் இதேதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஐந்தரைக்குப் பால்காரர் மணி அடித்ததும் எழுந்துவிட்டீர்கள். காது அடைத்துப்போகவில்லை. சத்தம் வந்தது, எழுந்தீர்கள். அம்மாவிடமிருந்து பெரும்பாலும் சத்தமே வந்திருக்காது. பக்கவாதம் வந்து நீண்ட நாள் படுக்கையில் இருப்பவர்கள் தூக்கத்தில் இறக்கும்போது, இருமலோ முனகலோ கையால் தட்டுவதோ எதுவும் இல்லாமல் இதயத் துடிப்பு தவறி அடங்கிப்போவது நடக்கக்கூடியதுதான். தூங்குகிற மூளை காவல் இருக்கிறது என்று சொன்னேன், அந்தக் காவலுக்குப் பெரிய ஓட்டைகளும் உண்டு. வாசனைக்கு அது சரியாக எழாது, அமெரிக்காவில் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-ல் சோதித்தபோது, சத்தத்துக்கு எழுந்தவர்கள் ஆழ்ந்த தூக்கத்தில் கடுமையான நாற்றத்துக்கு எழவில்லை. (அதனால்தான் ராத்திரி எரிவாயு சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடிவிட்டுப் படுக்கச் சொல்கிறேன், எல்லோருக்கும்.) சத்தமில்லாமல் நின்றுபோகும் ஒரு மூச்சை, ஆழ்ந்த தூக்கத்தில் இருப்பவர் கவனித்து எழுவார் என்று எதிர்பார்க்க உடலியலில் எந்த ஆதாரமும் இல்லை.

ஒருவேளை எழுந்திருந்தால்? இதையும் கேட்டுப் பார்த்திருப்பீர்கள். வீட்டில் இதயம் நின்றுபோன, ஏற்கெனவே மிகவும் தளர்ந்த ஒரு நோயாளியை, பக்கத்தில் ஆள் விழித்தே இருந்தாலும் பெரும்பாலும் மீட்க முடிவதில்லை. நீங்கள் பக்கத்தில் இருந்திருப்பீர்கள், கையைப் பிடித்திருப்பீர்கள். அது கிடைக்கவில்லை என்ற வருத்தம் நியாயமானது, அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'என் தூக்கம் அம்மாவைக் கொன்றது' என்பது வேறு, அது உண்மையே இல்லை.

உங்கள் அண்ணனிடம் இந்தப் பகுதியை மட்டுமாவது படிக்கக் கொடுங்கள். அதிர்ச்சியில் வாயில் வந்ததைக் கேட்டிருப்பார் என்றே நினைக்கிறேன். இரண்டரை ஆண்டு படுக்கையில் இருந்தவருக்கு ஒரு புண்கூட வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், மருத்துவமனையில் ஆள் மாற்றி ஆள் பார்த்தாலும் இது எளிதில் நடப்பதில்லை, அதை அவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டரை மணி, கூப்பிடும் குரல், நெஞ்சு அழுத்தம்

சரி, இப்போதைய தொந்தரவுகள். நான்கையும் ஒரே காரணத்தில் கட்டிவிட்டார்கள் வீட்டில் இருப்பவர்கள். எனக்கு நான்கும் வேறு வேறாகத் தெரிகின்றன.

சரியாக இரண்டரைக்கு விழிப்பது: அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்கும் நேரங்களில் ஒன்று அது. எழ வேண்டிய நேரத்தை மூளை எதிர்பார்த்து, முன்கூட்டியே உடம்பைத் தயார் செய்யும். ஜெர்மனியின் லூபெக் நகரில் 1999-ல் செய்த ஆய்வில், ஆறு மணிக்கு எழுப்புவோம் என்று சொல்லிப் படுக்க வைத்தவர்களுக்கு, எழுப்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே உடம்பை விழிப்புக்குத் தயார் செய்யும் ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோன் ரத்தத்தில் ஏறத் தொடங்கியது. ஒன்பது மணிக்கு என்று சொல்லப்பட்டவர்களுக்கு அந்த நேரத்தில் அப்படி ஏறவில்லை. ஒரே ஒரு ராத்திரி சொன்ன சொல்லுக்கே இப்படி என்றால், ஆண்டுக்கணக்கில் நீங்கள் வைத்த பழக்கம் நான்கு மாதத்தில் விடாததில் ஆச்சரியமில்லை. விழித்ததும் மணி பார்ப்பது அதை இன்னும் கெட்டியாக்குகிறது, அந்தக் கடிகாரத்தை அறையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல்: நெருங்கியவர்களை இழந்தவர்களுக்கு இது நிறையவே வருகிறது. 1971-ல் வேல்ஸைச் சேர்ந்த டாக்டர் டூயி ரீஸ், துணையை இழந்தவர்களைப் பேட்டி கண்டு எழுதிய ஆய்வில், ஏறத்தாழ பாதிப் பேர் இறந்தவர் அருகில் இருப்பது போல உணர்ந்திருக்கிறார்கள், சிலர் பார்த்திருக்கிறார்கள், சிலர் குரல் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் அதை யாரிடமும் சொல்லவே இல்லை. தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் இருக்கும்போது கனவின் ஒரு துண்டு வெளியிலிருந்து வந்த சத்தம் போலக் கேட்கும், இரண்டரை ஆண்டு எந்தக் குரலுக்காகக் காது காத்திருந்ததோ அந்தக் குரலே அங்கே வருவதும் இயல்புதான். இதைப் பைத்தியத்தின் அறிகுறி என்று பயப்படாதீர்கள். பகலில், நன்றாக விழித்திருக்கும்போது, குரல் உங்களைத் திட்டுவதாகவோ ஏதாவது செய்யச் சொல்லிக் கட்டளையிடுவதாகவோ கேட்டால் அது வேறு, உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நெஞ்சில் உட்கார்ந்தது போன்ற அழுத்தம்: கனவு காணும் தூக்கத்தில், கண்ணையும் மூச்சுக்கான உதரவிதானத்தையும் தவிர உடம்பின் பெரும்பாலான தசைகளை மூளைத்தண்டு தளர்த்திக் கட்டிவைத்துவிடும், இல்லாவிட்டால் கனவில் ஓடுவதை நாம் நிஜமாகவே ஓடிவிடுவோம். சில சமயம் மூளை விழித்துவிடும், கட்டு அவிழச் சில நொடிகளோ ஓரிரு நிமிடமோ ஆகும். விலா எலும்புத் தசைகளும் தளர்ந்திருப்பதால் ஆழமாக மூச்சு இழுக்க முடியாது, அதுதான் பாரமாகத் தெரிகிறது. தூக்கம் கெட்டவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் இது அதிகம். உயிருக்கு ஆபத்தில்லை. ஒருக்களித்துப் படுங்கள், மறுபடி வந்தால் உடம்பை முழுதாக அசைக்கப் போராடாமல் ஒரு விரல் நுனியை அசைக்க முயலுங்கள், மூச்சைச் சீராக விடுங்கள். தானே விட்டுவிடும்.

வியர்வை: இதைப் பயத்தால் வருகிறது என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள், நான் நகர மாட்டேன். உங்களுக்கு 47 வயது. மாதவிடாய் நிற்கும் காலம் நெருங்கும்போது ராத்திரியில் உடம்பு தகித்து வியர்த்து எழுவது மிகச் சாதாரணம், நடுராத்திரி விழிப்பில் ஒரு பங்கு அதனுடையதாக இருக்கலாம். தைராய்டு கூடினாலும் இப்படி வரும். அம்மாவைப் பார்த்துக்கொண்ட காலத்தில் உங்கள் உடம்பை ஒருதடவைகூடப் பரிசோதித்திருக்க மாட்டீர்கள் என்றே தோன்றுகிறது. மகப்பேறு மருத்துவர் ஒருவரைப் பாருங்கள், தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை, ரத்த அழுத்தம் இவற்றையும் பார்த்துவிடுங்கள்.

கைக்கடிகாரமும் ஹோமமும்

கைக்கடிகாரம் மூளை அலையை அளப்பதில்லை. கை அசைவையும் நாடித் துடிப்பையும் வைத்துத் தூக்கத்தின் ஆழத்தை ஊகிக்கிறது, அந்த ஊகம் பல நேரம் தவறும். வயது ஏற ஏற ஆழ்ந்த தூக்கம் குறைவதும் எல்லோருக்கும் உள்ளது. நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்கூட ராத்திரி முழுக்கப் பலமுறை சில விநாடி விழித்து, அதை நினைவில் வைத்துக்கொள்ளாமலே மறுபடி தூங்கிவிடுகிறார். மகனுக்கு நன்றி சொல்லிவிட்டுப் பகலில் நடையை எண்ண வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரி கழற்றிவிடுங்கள்.

ஹோமம் பற்றி மருத்துவராக எனக்குச் சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அம்மாவுக்காகச் செய்ய வேண்டும் என்று உங்கள் மனது சொன்னால் செய்யுங்கள், துக்கத்தில் இருப்பவர்களுக்குச் சடங்கு தருகிற ஆறுதல் பெரியது. ஆனால் அம்மா கோபத்தில் இருக்கிறார், உங்களைத் தண்டிக்கிறார் என்ற பயத்தில், கடன் வாங்கிப் போகாதீர்கள். மேலே சொன்ன எதற்கும் அம்மாவின் கோபம் காரணம் இல்லை.

மாத்திரை

இதுதான் எனக்குக் கவலை தருவது. அல்பிரசோலம் மூளையின் விழிப்பை அமுக்கித் தூங்கவைக்கிறது. சில வாரம் தாண்டினால் உடம்பு அதற்குப் பழகிக்கொண்டு அதே அளவு போதாமல் போகும், இல்லாமல் தூக்கமே வராது என்ற நிலையும் வரும். மறுநாள் மந்தம், மறதி, ராத்திரி எழும்போது தடுமாறி விழுவது எல்லாம் உண்டு. நீங்கள் குறட்டை விடுகிறவராக இருந்து, நடுவில் மூச்சுத் தடைபடுவதும் இருந்தால், அது இன்னும் ஆபத்து. அந்த நேரத்தில் உடம்பைச் சட்டென்று உசுப்பி மூச்சை மீட்பது இதே காவல்தான், மாத்திரை அதையும் மங்கச் செய்யும். வீட்டில் யாரிடமாவது உங்கள் குறட்டை பற்றிக் கேளுங்கள். இந்த மாத்திரை எச்1 பட்டியல் மருந்து, சீட்டு இல்லாமல் விற்பது சட்டப்படி தவறு. மருந்துக்கடைக்காரர் தெரிந்தவர் என்பதால் அது பாதுகாப்பாகிவிடாது.

இதைப் படித்துவிட்டு இன்றே நிறுத்திவிடாதீர்கள். இரண்டு மாதம் தினமும் போட்டதைத் திடீரென்று விட்டால் தூக்கம் முன்பைவிட மோசமாகக் கெடும், படபடப்பு வரும், சிலருக்கு வலிப்பே வரலாம். எவ்வளவு, எத்தனை வாரத்தில் குறைப்பது என்பதை உங்களை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம், அங்கே போவதில் எந்தத் தலைகுனிவும் இல்லை, செலவும் பெரிதாக இருக்காது. மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப்போங்கள்.

இனி ராத்திரிகளை எப்படிப் பார்ப்பது

நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் செய்ய வேண்டியது தூக்கத்துக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் அமைப்பு 2016-லேயே பரிந்துரைத்துவிட்டது. பெயர்தான் பெரிது, அதில் உங்களுக்குப் பொருந்துவதை மட்டும் சொல்கிறேன்.

காலையில் எழும் நேரத்தை ஒன்றாக வையுங்கள், ராத்திரி எப்படிப் போனாலும் அதே நேரம், ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரம். பகலில் படுக்காதீர்கள், முடியாவிட்டால் மூன்று மணிக்கு முன்னால் அரைமணி நேரம். படுக்கும் நேரத்தைக் கொஞ்சம் தள்ளி, உண்மையில் கண் சொக்கும்போது மட்டும் படுங்கள். நடுராத்திரி விழித்து, இனித் தூக்கம் வராது என்று தெரிந்துவிட்டால் புரண்டுகொண்டே கிடக்காமல் எழுந்து வேறு அறைக்குப் போய், மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள், சொக்கும்போது திரும்பி வாருங்கள். கைபேசி வேண்டாம். முதல் இரண்டு வாரம் இன்னும் களைப்பாகத்தான் இருக்கும், அதைத் தாங்கினால்தான் அடுத்தது நடக்கும்.

அப்புறம் ஒன்று, இது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை, என் அபிப்பிராயம். நீங்கள் இன்னும் அதே அறையில், அந்தக் காலிக் கட்டிலுக்குப் பக்கத்தில், அதே பாயில்தான் படுக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த இடத்தில் எந்தச் சத்தத்துக்குக் காத்திருக்க வேண்டும் என்று மூளை கற்றதோ அதே இடத்தில் படுத்துக்கொண்டு அதை மறக்கச் சொல்வது கடினம். அறையை மாற்றுங்கள். புது இடத்தில் முதல் ஓரிரு நாள் தூக்கம் லேசாகத்தான் இருக்கும். பழக்கமில்லாத இடத்தில் முதல் ராத்திரி மூளையின் இடது பாதி கொஞ்சம் விழிப்பாகவே இருக்கிறது என்று 2016-ல் ஓர் ஆய்வு காட்டியது, அதனால் முதல் நாளை வைத்து முடிவு கட்டாதீர்கள். கொஞ்ச நாளைக்கு மகனையோ அத்தையையோ அதே அறையில் படுக்கச் சொல்லுங்கள். 'நான் இருக்கிறேன், நீ தூங்கு' என்று உங்களுக்கு இரண்டரை ஆண்டில் யாரும் சொன்னதாகக் கடிதத்தில் எங்கும் இல்லை.

துக்கம் இருக்கத்தான் செய்யும், அதற்கு நான் மருந்து எழுதப் போவதில்லை. ஆனால் சாப்பாடே இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை, 'நானும் போய்விட்டால் நல்லது' என்ற எண்ணம் வருகிறது என்றால், காலை வரை காத்திருக்க வேண்டாம். அரசின் மனநலத் தொலைபேசி உதவி மையமான டெலி மானஸ், எண் 14416, இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். இரண்டரை மணிக்கும் எடுப்பார்கள்.

இந்த வாரமே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள், மாத்திரை விஷயம் தள்ளிப்போடக் கூடியது இல்லை. பரிசோதனை முடிவுகள் வந்ததும், குறட்டை பற்றி வீட்டில் என்ன சொன்னார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மாதவிடாய் தொடர்பானது என்று தெரிந்தால் அதற்கு வேறு சிகிச்சை இருக்கிறது, அதைப் பற்றி அப்போது விரிவாகச் சொல்கிறேன்.